மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மார்லின் ஸெர்ப் ஓட்டிய வெள்ளை வேனில் என்ன போகிறது என்று வெளியே எழுதியிருக்காது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவன் ரொட்டி வண்டி என்று நினைத்துக்கொள்வான். உள்ளே நீலப் பெட்டி, பெட்டி நிறைய ஐஸ், ஐஸுக்குள் புதைத்த ஜாடிகளில் உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள், அன்று காலை வரைக்கும் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாட்டுக்கண்கள். கறி ஆலையில் ஏற்றிச் சோதனைக்கூடத்தில் இறக்குவது அவன் வேலை. கண் கெடுவதற்குள் கொண்டுபோக வேண்டும், குலுங்கவும் கூடாது. பென்சில்வேனியாவின் அந்த மலைச்சாலையில் அவனைப் போல மெதுவாக ஓட்டிக்கொண்டே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவன் வேறு எவனும் கிடையாது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் மார்லின் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வான்: "போடா, உனக்கென்ன. நீ உன் கண்ணை மட்டும்தானே கொண்டுபோறே."

அந்தக் கண்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கேயோ ஓர் ஆலையில் புதிதாக ஒரு திரவம் செய்கிறார்கள். தரை கழுவுவதற்கோ, துரு எடுப்பதற்கோ, பெயிண்ட் உரிப்பதற்கோ. அது ஒருத்தன் கண்ணில் தெறித்தால் எரிச்சலோடு போகுமா, பார்வையே போய்விடுமா என்று முதலிலேயே தெரிந்தாக வேண்டும். டப்பாவின் மேல் என்ன எச்சரிக்கை போடுவது என்பது அதைப் பொறுத்தது. மாட்டுக்கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலத்தை வெட்டியெடுத்து, ஒரு வளையத்தில் மாட்டி, திரவத்தை அதன்மேல் விட்டு, கழுவி, வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்ப்பார்கள். வெளிச்சம் தடையில்லாமல் வந்தால் பிழைத்தோம். அவித்த முட்டை மாதிரி வெளுத்துப்போனால் அது பொல்லாத சரக்கு.

மார்லின் அங்கே சேர்ந்த இளவயதில் மாட்டுக்கண் கிடையாது, முயல்தான். உயிருள்ள வெள்ளை முயலின் ஒரு கண்ணில் திரவத்தை விடுவார்கள், மறு கண்ணைச் சும்மா விடுவார்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முயலைப் பிடித்துக்கொள்வது மார்லின் வேலை. முயல் கத்தாது. கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அது கைக்குள் நடுங்கிக்கொண்டு, நல்ல கண்ணால் அவனைப் பார்க்கும். சில வருஷத்தில் முயல் முடி ஒத்துக்கொள்ளாமல் அவன் கண்ணே சிவந்து நீராய்க் கொட்டியது. "இங்க யாரு கண்ணைய்யா நாம டெஸ்ட் பண்றோம்?" என்று கேட்டுவிட்டு அப்போதிருந்த மேலாளர் வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தார். வீட்டில் மனைவி டோரீன், உன்மேல் முயல் வாடை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வண்டிக்கு மாறிய பிறகும் அவள் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். ஆகவே வாடை காரணமில்லை.

அதற்குப் பிறகு நெடுங்காலம் மார்லின் தனியாகத்தான் இருந்தான். பன்றிக்கறி வறுவல், முட்டை, கறுப்புக் காபி. ஞாயிறானால் அண்ணன் வீட்டுக் கூரையில் ஓட்டை அடைப்பது. அப்படியே போயிருக்கும். கறி ஆலையில் தலை மேசைக்கு பெர்னடெட் வாஸ்கோ வந்து சேர்ந்தாள்.

தலை மேசை என்பது வெட்டிய மாட்டுத் தலைகள் வந்து சேரும் இடம். நாக்கு ஒருத்தர் எடுப்பார், கன்னக்கறி ஒருத்தர் எடுப்பார். சோதனைக்கூடத்துக்காகக் கண் எடுக்க பெர்னடெட்டைப் போட்டார்கள். கண் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கத்தி நுனி ஒரு மயிரிழை பட்டுக் கீறினாலும் கண் பாழ். சுற்றியிருக்கும் சதையை அறுத்து, பின்னாலிருக்கும் நரம்பைத் துண்டித்து, விரலால் அமுக்காமல் ஏந்தி, உப்புத் தண்ணீரில் நழுவவிட வேண்டும். மேசைக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. வெளியாள் அதைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் மார்லின். நடுவில் பெட்டி உருண்டு வர உருளைப் பலகை.

தலையில் வலை, அதன்மேல் கெட்டித் தொப்பி, கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி, கழுத்து வரைக்கும் வெள்ளை அங்கி. இத்தனைக்கும் நடுவில் அவளில் மிச்சம் தெரிந்தது சாம்பல் நிறக் கண் இரண்டும் வாயும்தான். அந்த வாய் சும்மா இருக்காது. மலைக்கு அந்தப் பக்கத்து நிலக்கரி ஊர்க்காரி. அந்த ஊர்ப் பெண்கள் கைக்கு முன்னால் வாயை ஓட்டுவார்கள். மலைக்கு இந்தப் பக்கத்தில் மார்லினைப் போன்ற டச்சு வம்சத்துக்காரர்கள் அளந்துதான் பேசுவார்கள்.

"ஏய்யா, நீங்க டச்சுக்காரங்க பேசவே காசு கேப்பீங்களா?" என்று முதல் வாரத்திலேயே கேட்டாள்.

"கேட்டா குடுக்கவா போறே?" என்றான் மார்லின்.

"அடேயப்பா! ஊமைன்னு நெனச்சேன்."

அன்றைக்குத் திரும்பும்போது அவன் வண்டியில் ரேடியோ போடவில்லை. அவள் சொன்னதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனான்.

ஆள் இல்லாத வீட்டில் ஒரு குரல் வந்து உட்கார்ந்துவிட்டால் அது லேசில் எழுந்து போகாது. மார்லினுக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிவிட்டு மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அவளுக்கு என்ன நிற முடி என்றுகூட அவனுக்குத் தெரியாது. வலையும் தொப்பியும் இல்லாமல் அவளை அவன் பார்த்ததே இல்லை. அவன் போகும் நேரம் அவளுக்கு வேலை நேரம், அவள் வெளியே வரும் நேரம் அவன் மலைக்கு இந்தப் பக்கம் இருப்பான். கறுப்பா, செம்பட்டையா, நரையா? வண்டி ஓட்டும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எல்லாம் பொருந்தியது.

அப்போதுதான் அந்தத் தில்லுமுல்லைத் தொடங்கினான். சோதனைக்கூடம் கேட்டதைவிட அதிகமாகக் கண் கேட்டான்.

"இன்னிக்கு இன்னும் கொஞ்சம் வேணுமாம். கீறல் விழுந்தா மாத்திக்கவாம்."

"என் கையில கீறலா?" என்று அவள் கத்தியை நீட்டுவாள். ஆனாலும் எடுத்துக் கொடுப்பாள். அவள் எடுக்கும் வரைக்கும் அவன் கோட்டருகே நின்று காபி குடிப்பான். கூடத்தில் சோதனையைப் பார்த்துக்கொள்ளும் க்ளெண்டா ரைஃப்ஸ்னைடர் தலையில் அடித்துக்கொள்வாள்.

"மார்லின், நேத்தும் பாதிக்குப் பாதி மிச்சம். வீட்டுக்குக் கொண்டுபோயி சூப் வைக்கிறியா?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

"எதுக்கு?"

மார்லின் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தான்.

ஒரே ஒரு தடவை அவன் அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டியிருக்கிறான். இடைவேளையில் தரை கழுவுகிறவன் நுரைக் குழாயை அவசரமாகத் திறந்துவிட்டான். வேர்வை துடைக்க பெர்னடெட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த நேரம் பார்த்து நுரை வலது கண்ணில் போய் அப்பியது. அவள் ஒன்றும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, கையால் தேய்க்கப் போனாள். மார்லினுக்கு அந்த நுரையைத் தெரியும். போன வருஷம் அதே டப்பா கூடத்துக்கு வந்து, மாட்டிய வளையம் ஒன்றையும் விடாமல் வெளுத்துப்போட்டது. காபிக் கோப்பை எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. உருளைப் பலகையைத் தாண்டிக் குதித்து, அவள் கழுத்தைப் பிடித்து, சுவரோரம் கண் கழுவும் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

"விடுய்யா! ஐஸ் தண்ணிய்யா! சாகடிக்கப் பாக்குறியா?"

"வாயை மூடு, கண்ணைத் தெற."

"போதும்யா!"

"போதாது. தெற."

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் விடவில்லை. ஆலை அதிர அவள் திட்டினாள், சட்டை முழுக்க நனைந்து அவன் நின்றான். அவள் பின்னங்கழுத்து அவன் உள்ளங்கையில் இருந்தது. முயலின் நடுக்கம் போலவே அது நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவன் அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஸ்டீயரிங்கில் உணர்ந்திருக்கிறான்.

கண் பிழைத்தது. ஒரு வாரம் கழித்து, சிவப்பு மாறாத கண்ணோடு வேலைக்கு வந்தாள். மார்லினை ஆலை மேலாளர் கூப்பிட்டு, காரணம் எதுவானாலும் இனிக் கோட்டைத் தாண்டினால் வண்டி வாசலுக்குள் வராது என்று சொல்லியிருந்தார். அவன் கோட்டுக்கு ஓரடி தள்ளியே நின்றான்.

"வாங்க கண்ணுக்காரரே!" என்றாள் அவள். "என்ன, பயந்து எட்டி நிக்கிறீங்க? மறுபடி முழுகவைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினா கிட்ட வரலாம்."

அன்றிலிருந்து அவன் கண்ணுக்காரர். கேலிக்காகக் கொடுத்த மரியாதை அப்படியே நிலைத்துவிட்டது. தவக்காலம் வந்தால் ஒவ்வொரு வருஷமும் ஒரு வார்த்தை சொல்லுவாள்: "வெள்ளிக்கெழமை சாயங்காலம் எங்க கோயில் ஹாலுக்கு வாங்களேன். பியரோகி போடுறோம். மாவுக்குள்ள உருளைக்கெழங்கு, சீஸ், மேல வெண்ணெயில வதக்கின வெங்காயம். உங்க வீட்டுப் பன்னிக்கறியைவிட நல்லாருக்கும்." அவனும் ஒவ்வொரு வருஷமும், "பாக்கலாம்" என்பான். மலை ஏறிப் போக அரைமணி நேரம் ஆகாது. போகவில்லை. போய் என்னவென்று நிற்பது? ஆலையிலாவது கையில் ஒரு பெட்டி இருக்கிறது.

இப்படியே இருந்திருப்பான். அந்த மார்ச் மாதம் க்ளெண்டா அவனைக் கூப்பிட்டாள்.

"வர்ற வெள்ளிக்கெழமையோட மாட்டுக்கண்ணு நிறுத்துறோம், மார்லின். புது முறை வருது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, ஏர்போர்ட் ஓட்டம் இருக்கு."

"அந்த ஆலைப் பக்கம்?"

"அங்க இனிமே எதுக்குப் போகணும்?"

அதுவும் சரிதான். அங்கே எதற்குப் போக வேண்டும்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. பெர்னடெட்டிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மலை ஏறும்போது ஒத்திகை பார்த்தான். இந்த வெள்ளியோட நான் வர மாட்டேன். அதனால என்ன என்று கேட்டால், அதனால் நாம எங்கயாவது ஒருநாள் உட்கார்ந்து காபி குடிக்கலாமா. இவ்வளவுதான் வாக்கியம். மாட்டுத் தலைகளுக்கு முன்னால் நின்றதும் எத்தனை கண் வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

வியாழக்கிழமை அவள் கத்தி ரொம்ப மெதுவாக நடந்தது.

"என்ன கண்ணுக்காரரே, வாய்க்குப் பூட்டா?"

"ஒண்ணுமில்ல. ரோட்டுல பள்ளம் ஜாஸ்தியாயிடுச்சு. பனி உருகுது பாரு."

"பள்ளமா?"

"ஆமா. அந்தப் பாலத்துக்கிட்ட ஒண்ணு. ஆளையே முழுங்கும்."

அவள் ஒரு கண்ணை ஏந்தித் தண்ணீரில் விட்டாள். "சரி. பள்ளத்தைத் தவிர வேற சேதி?"

"வேற என்ன சேதி இருக்கு."

அவள் கடைசி ஜாடியையும் ஐஸில் புதைத்தாள். பிறகு பெட்டியை மூடி உருளைப் பலகையில் தள்ளிவிட்டாள். வழக்கமாக மூடிமேல் ஒரு தட்டுத் தட்டுவாள். அன்று தட்டவில்லை. பரவாயில்லை, நாளைக்கு இருக்கிறதே என்று மார்லின் வண்டியை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை சவரம் செய்துகொண்டு, அண்ணன் மகள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். தலை மேசையில் கர்ட் நின்றுகொண்டிருந்தான். கன்னக்கறி எடுக்கிற தடியன்.

"பெர்னி எங்க?"

"லீவு. கோயில்ல இன்னிக்குக் கடைசிப் பெரிய விற்பனையாம். விடியக்காலையிலேர்ந்து மாவு பெசையறாளுங்க. எவ்ளோ வேணும் உனக்கு?"

மார்லின் வழக்கம்போல அதிகமாகவே சொன்னான், வாய் தானாகச் சொல்லிவிட்டது. காபியை ஊற்றினான். சூடாக இருந்தது, ஊதினான். இரண்டாவது வாய் குடிப்பதற்குள் கர்ட் பெட்டியை மூடித் தள்ளிவிட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாமா?"

"எண்ணிக்கோயேன். ஏன், என்ன?"

மார்லின் மூடியைத் திறந்து பார்த்தான். ஒரு கண்ணிலும் கீறல் இல்லை. "பெர்னிக்கு இதுக்குள்ள ஒரு கப் காபி தீர்ந்து, ரெண்டாவதும் தீர்ந்துடுமே."

கர்ட் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "அவளா? எனக்கு இதைக் கத்துக்குடுத்ததே அவதான்யா. கையைப் பாத்தா தெரியாது, அப்படிப் பறக்கும். வேற ஏதோ காலேஜ்காரங்க வந்து வாங்கிட்டுப் போவாங்களே, அவங்களை நிக்கவே விட மாட்டா. உனக்கு மட்டும் என்னமோ கல்யாணக் கேக் வெட்டுற மாதிரி வெட்டுவா. எங்களுக்கெல்லாம் அது தமாஷ்."

மார்லின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

"அது சரி, திங்கக்கெழமையிலேர்ந்து நீ வரமாட்டியாமே?" என்றான் கர்ட்.

"உனக்கு யாரு சொன்னது?"

"உங்க ஆபீஸ்லேர்ந்து போன வாரமே போன் வந்துச்சு. பெர்னிதான் எடுத்தா."

போன வாரமே. அப்படியென்றால் திங்கள் அவளுக்குத் தெரியும், செவ்வாய் தெரியும், நேற்றும் தெரியும். பள்ளத்தைத் தவிர வேற சேதி என்று கேட்டபோது அவள் கையில் சேதி இருந்தது. அவன் வாயிலிருந்து வருமா என்று கத்தியைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றிருக்கிறாள். அவன் பாலத்துப் பள்ளத்தைச் சொல்லியிருக்கிறான்.

"டேய் மடையா" என்றான் மார்லின்.

"யாரைச் சொல்றே?" என்றான் கர்ட்.

"உன்னை இல்லடா."

கண்களைக் கொண்டுபோய்க் கூடத்தில் இறக்கினான். எத்தனை அவசரமானாலும் வண்டியை வழக்கம்போல மெதுவாகத்தான் ஓட்டினான். பழக்கம். க்ளெண்டா கடைசிச் சோதனைக்கு வளையங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுச் சரக்கு வந்திருந்தது. இளஞ்சிவப்புத் தண்ணீரில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம்.

"மனுஷக் கண்ணோட தோல்" என்றாள்.

"எவனோட கண்ணு?"

"ஒருத்தரோடதும் இல்ல. உயிரணுவை எடுத்து வளர்த்தது. முயலும் வேண்டாம், மாடும் வேண்டாம். உனக்குச் சந்தோஷம்தானே? அந்தக் காலத்துல நீ முயலுக்காக அழுதியாமே."

"அழுவலை. முடி ஒத்துக்கலை."

"சரி சரி."

அவனுக்குச் சந்தோஷம்தான். முயலைக் கையில் பிடித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். கிண்ணத்தைக் குனிந்து பார்த்தான். அதற்கு எதையும் பார்த்த நினைவு இல்லை. யாருக்காகவும் அது காத்திருந்ததும் இல்லை. கொடுத்துவைத்தது.

"இன்னிக்கும் மிச்சம் நெறைய இருக்கு" என்றாள் க்ளெண்டா, பெட்டியைத் திறந்து.

"அதான் கடைசி" என்று சொல்லிவிட்டு மார்லின் வேன் சாவியை ஆணியில் மாட்டினான். தன் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு, வந்த வழியே மலை ஏறினான். பாலத்துப் பள்ளத்தில் டயர் இறங்கித் தூக்கிப்போட்டது. குலுங்கினால் குலுங்கட்டும், பின்னால் ஒன்றும் இல்லை.

கோயில் ஹால் தரைக்குக் கீழே இருந்தது. படி இறங்கும்போதே வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசனை. நீள மேசைக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், அத்தனை பேர் தலையிலும் வலை. மார்லினுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கற்பனை பண்ணிய முடியை இங்கேயாவது பார்க்கலாம் என்று நினைத்திருந்தான். வரிசையில் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிளாஸ்டிக் கண்ணாடி இல்லாமல் அவளைத் தெரியுமா என்று பயமாக இருந்தது.

குரல்தான் முதலில் வந்தது. "எத்தனை டஜன்?" கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு" என்றான் மார்லின்.

கரண்டி நின்றது. அவள் நிமிர்ந்தாள். நடுவில் பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் அந்தச் சாம்பல் கண் இரண்டும் அவனைப் பார்த்தன. வலது கண்ணின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு நரம்பு மிச்சம் இருந்தது. இத்தனை நாள் அது அவனுக்குத் தெரியாது.

"பள்ளம் எப்படி இருக்கு?" என்றாள்.

"இப்பதான் அதுல விழுந்துட்டு வர்றேன்."

"அடி பலமோ?"

"பலம்தான். பெர்னி, திங்கக்கெழமையிலேர்ந்து அந்த ரோட்டுல எனக்கு வேலை இல்ல."

"தெரியும்."

"தெரியும்னு கர்ட் சொன்னான்."

"அவன் வாயில ஈ நுழைய." அவள் அட்டைப் பெட்டியை எடுத்து ஒரு பியரோகியை வைத்தாள். "வேற என்னல்லாம் சொன்னான்?"

"கல்யாணக் கேக்குன்னு சொன்னான்."

வலைக்குக் கீழே அவள் காது இரண்டும் சிவந்தன. இன்னொன்றை எடுத்து வைத்தாள், ஓரத்தைச் சரிபண்ணினாள், நகர்த்தி வைத்தாள்.

"நான் கேட்டதுல பாதிக்குமேல குப்பைக்குத்தான் போச்சு" என்றான் மார்லின் மெதுவாக.

"தெரியும்யா. எந்த லேப்புக்கு அத்தனை கண்ணு வேணும்? ஊர்ல இருக்கிற சோப்பையெல்லாம் நீங்களா டெஸ்ட் பண்றீங்க?"

பின்னால் நின்ற கிழவர் ஒருவர் தடியைத் தரையில் தட்டினார். "ஏம்மா பெர்னடெட், எண்ணி வைக்கிறியா, ஜெபம் பண்ணி வைக்கிறியா? பசிக்குது தாயி."

"இருங்க ஸ்டான் மாமா, கீறல் விழக் கூடாதுல்ல" என்றாள் அவள். ஹாலே திரும்பிப் பார்த்தது.

பெட்டி நிறைந்தது. நிறைந்த பிறகும் அவள் மூடவில்லை. மார்லினுக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது, காபி என்று முடியும் வாக்கியம். வாயைத் திறந்தான்.

"சட்டி பானையெல்லாம் கழுவி முடிக்க நேரம் ஆகும்" என்று அவள் முந்திக்கொண்டாள். "நாலு பெரிய அண்டா இருக்கு. அதை நான் வேகமா கழுவ முடியாது, நெஜமாவே முடியாது."

"நான் இருக்கேன்."

"அந்த மூலையில நாற்காலி கெடக்கு. காபி அங்கயே இருக்கு. கழனித்தண்ணி மாதிரி இருக்கும், குடிச்சுக்கோங்க." பெட்டியை மூடி, மூடிமேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

மார்லின் மூலையில் போய் உட்கார்ந்தான். கழனித்தண்ணிதான், குடித்தான். வரிசை குறைந்தது, மேசைகளை மடக்கினார்கள், கிழவர் ஸ்டான் வெண்ணெய் வழியும் வாயோடு அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். சமையலறைக் கதவு திறந்து திறந்து மூடியது. திறக்கும்போதெல்லாம் அண்டாவுக்குள் கைவிட்டுக் குனிந்திருக்கும் அவள் முதுகு தெரியும், ஆவி மறைக்கும். வலைக்குள்ளிருந்து ஒரு கற்றை நழுவிக் கழுத்தில் ஒட்டியிருந்தது. செம்பட்டையா நரையா என்று அந்த ஆவியில் அவனுக்குப் பிடிபடவில்லை. மடியில் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவன் அடுத்த முறை கதவு திறப்பதற்காகக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.